வயார்ட்டாவில் ஒரு நல்ல மெக்சிகன் சாப்பாடு: முதல் தடவை போகிறவர்களுக்கு

மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு ஐ.டி. வேலையாக வந்து இறங்கும் நம் ஆட்கள், முதல் நீண்ட வாரஇறுதி கிடைத்ததும் போகிற ஊர் புவெர்ட்டோ வயார்ட்டா. பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். மலை இறங்கியதும் பசிபிக் கடல். பகலெல்லாம் மணலில் கிடந்து, தள்ளுவண்டியில், சோள ரொட்டியில் மடித்துத் தருகிற டாக்கோ மூன்று சாப்பிட்டு, மலேகோன் எனப்படும் கடலோர நடைபாதையில் நடந்து முடித்த பிறகு கூட்டத்தில் ஒருவர் ஆரம்பிப்பார்: "இன்னைக்கு ராத்திரி ஒரு நல்ல இடத்துக்குப் போலாமா?" குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளை மேஜை விரிப்பு, மெழுகுவர்த்தி, ஒரே ஒரு தாளில் புரியாத பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நானூறு, அறுநூறு என்று எண்கள். நானும் அப்படி விழித்தவன்தான். பல தடவை போய், சில தடவை பணத்தை வீணாக்கிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இது எந்த மாதிரி இடம்

மெக்சிகன் என்றதும் மஞ்சள் சீஸ் ஊற்றிய நாச்சோஸும் மொறமொறப்பான ஓடு டாக்கோவும் ஞாபகத்துக்கு வந்தால், அவற்றை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்து, அமெரிக்கச் சாப்பாடு. வயார்ட்டாவின் நல்ல உணவகங்களில் சமைப்பது பாட்டி சமையல்தான். மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய், பூசணி, அன்றைக்குக் கரைக்கு வந்த மீன். வித்தியாசம் அளவிலும் அடுக்கிலும் கவனத்திலும் இருக்கும்.

இந்தப் பாணிக்குப் பெரிய முகம் தலைநகரில் இருக்கிற புஹோல் உணவகம். சமையல்காரர் என்ரிக்கே ஓல்வேரா 2000இல் திறந்தது. அங்கே பேர்போன பதார்த்தம் ஒரு தட்டில் இரண்டு வட்டக் குழம்பு மட்டும்: ஆயிரம் நாளுக்கு மேல் தினமும் சுடவைத்து வளர்த்த மோலே வெளியே, அன்று செய்த மோலே நடுவில். இறைச்சி கிடையாது, காய் கிடையாது, தொட்டுச் சாப்பிட டோர்ட்டியா என்கிற சோள ரொட்டி மட்டும். குழம்பை மட்டும் பரிமாறிப் பேர் வாங்கலாம் என்பது நமக்குப் புரியாத விஷயமா என்ன! மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2024இல், நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேடு முதல் தடவையாக இந்த நாட்டுக்கு வந்தபோது, நாலு பேர் நின்று சாப்பிடுகிற ஒரு டாக்கோ கடைக்கும் நட்சத்திரம் கொடுத்தது. ஆக, விலை உசத்தி என்றாலே சாப்பாடு உசத்தி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கடற்கரையில் உங்கள் காசு பாதி காற்றுக்கும் காட்சிக்கும் போகிற இடங்களும் உண்டு.

வயார்ட்டாவுக்கு இந்த ஆசை புதிதல்ல. கஃபே தே ஆர்ட்டிஸ்ட் 1990இலிருந்து நடக்கிறது. 1995இல் தொடங்கிய சமையல் விழாவுக்கு நவம்பர்தோறும் வெளியூர் சமையல்காரர்கள் வந்து சேர்கிறார்கள்.

இடம் பிடிப்பது

பெரும்பாலான இடங்களில் வாட்ஸ்அப் செய்தி போதும். பெயர், எத்தனை பேர், நாள், நேரம். உங்கள் பெயர் வெங்கடசுப்பிரமணியன் என்றால் 'வெங்கட்' என்று கொடுங்கள். வாசலில் பட்டியலைத் தேடுகிற பெண்ணுக்குப் புண்ணியமாகப் போகும். சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் பொறுப்பார்கள், அதற்கப்புறம் மேஜை அடுத்தவருக்கு. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையும், ஈஸ்டரை ஒட்டிய புனித வாரத்திலும் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். செப்டம்பரில் நேர்மாறு: மழை, புழுக்கம், ஊர் காலி. பல நல்ல சமையலறைகள் அந்த மாதத்தில் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போய்விடும், விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

நேரம் முக்கியம். மெக்சிகோக்காரர்களுக்குப் பெரிய சாப்பாடு 'கொமிதா', மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துக்குள். ராத்திரி வெளியே சாப்பிட வந்தால் எட்டரை ஒன்பதுக்குத்தான் வருவார்கள். முதல் தடவை போகிறவர்கள் ஆறரை, ஏழுக்குப் போவது நல்லது. கூட்டம் இருக்காது, சர்வருக்கு நின்று விளக்க நேரம் இருக்கும்.

இதிலேயே இன்னொன்று. 'கடல் பார்த்த மேஜை' என்று எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்பதில்லை. பண்டேராஸ் விரிகுடா மேற்குப் பார்த்தது, அஸ்தமனம் அழகுதான். டிசம்பரில் ஆறேகால் வாக்கில், ஜூனில் ஏழரைக்கு மேல். அதைக் கடற்கரையில் நின்று இலவசமாகப் பாருங்கள். இருட்டிய பிறகு கடல் ஒரு கறுப்புச் சுவர். காற்றில் மெழுகுவர்த்தி அணையும், சாப்பாடு ஆறும், மழைக்காலத்தில் கொசு வேறு. உள்முற்றத்தில் மாமரத்தடியில் ஒரு மேஜை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் பிடிக்கிற அதே செய்தியில் என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

உடுப்பும் செருப்பும்

கோட்டு தேவையில்லை. கடற்கரை ஊர், வேர்த்து ஊற்றும். ஆண்களுக்கு முழு பேன்ட், காலர் வைத்த பருத்திச் சட்டை. பெண்கள் எதை உடுத்தினாலும் சரி, குதிகால் செருப்பு மட்டும் வேண்டாம். பழைய ஊர்ப் பகுதியில் தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது, அதுவும் ஏற்ற இறக்கம். நீச்சல் உடையோடும் ரப்பர் செருப்போடும் போனால் திருப்பி அனுப்புவார்களோ மாட்டார்களோ, சங்கடம் உங்களுக்குத்தான்.

உட்கார்ந்ததும்

உள்ளே நுழையும்போதே 'புவெனாஸ் நோச்சேஸ்' சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக 'நாலு பேர்' என்று ஆரம்பிப்பது இங்கே முரட்டுத்தனம். சர்வர் வந்ததும் முதல் கேள்வி தண்ணீர்: 'நாத்துரால் ஓ மினெரால்?' நாத்துரால் என்றால் சாதா, மினெரால் என்றால் சோடா. நம் ஊர் 'மினரல் வாட்டர்' ஞாபகத்தில் மினெரால் கேட்டு, முதல் வாயிலேயே ஏப்பம் விட்டவன் நான். இரண்டுமே பாட்டிலில் வரும், பில்லில் சேரும். இம்மாதிரி இடங்களில் பனிக்கட்டி சுத்திகரித்த தண்ணீரில் செய்தது, பயப்பட வேண்டாம்.

மெனுவில் விலைக்கு முன்னால் டாலர் குறி இருக்கும். அது பேசோவின் குறி. 480 என்று பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பேசோ ஏறக்குறைய நாலரை, ஐந்து ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 16 சதவீத வரி அந்த விலைக்குள்ளேயே அடக்கம்.

மெனுவை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துச் சொல்லாமல், 'அல் சென்ட்ரோ' என்று சொல்லுங்கள். எல்லாம் நடுவில் வைக்கட்டும், பகிர்ந்து சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். நாலு பேர் போனால் நாலைந்து சிறு தட்டு, இரண்டு பெரிய தட்டு, இரண்டு இனிப்பு. தாராளமாகப் போதும். ருசிப் பட்டியல் என்று ஏழெட்டுத் தட்டு வரிசையாக வருகிற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. முதல் தடவைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் ஆகும், பிடிக்காத தட்டைத் தள்ளிவைக்கவும் மனம் வராது.

'அஓரித்தா' என்ற சொல்லைக் கேட்பீர்கள். அகராதியில் 'இப்பவே'. நடைமுறையில் நம் 'இதோ வந்துட்டேன்' மாதிரி. ஐந்து நிமிடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம்.

டோர்ட்டியா: முதலில் இதைக் கவனியுங்கள்

ஒரு மெக்சிகன் சமையலறை உண்மையிலேயே நல்லதா என்று தெரிய, விலை உயர்ந்த மீனைக் கேட்டுப் பார்க்க வேண்டாம். டோர்ட்டியாவை மோந்து பாருங்கள். சோற்றுப் பதத்தை வைத்து ஒரு வீட்டை எடைபோடுகிற அம்மாக்களை நமக்குத் தெரியுமே, அதே கணக்கு.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைத்தால் கிடைப்பது 'மாசா'. அப்படி வெந்து ஊறிய சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர், பல ஆயிரம் வருஷப் பழக்கம். சுண்ணாம்பு சேர்வதால்தான் மாவு பிசைய வரும். சோளத்தில் பூட்டிக் கிடக்கிற நியாசின் சத்தும் அப்போதுதான் உடம்பில் ஒட்டும். இந்தச் சூட்சுமம் தெரியாமல் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்ச் சாப்பிட்ட ஐரோப்பாவில் பெலாக்ரா என்ற நோய் பரவியது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது. மாசாவை முன்பெல்லாம் மெத்தாத்தே என்கிற கல்லில் அரைத்தார்கள். பார்த்தால் அப்படியே நம் அம்மி, மூன்று கால் வைத்தது. தட்டிய டோர்ட்டியாவைச் சுடுகிற கொமால் நம் தோசைக்கல்லுக்கு அண்ணன்.

மலிவான இடங்களில் பாக்கெட் மாவு. நல்ல இடங்களில் நாட்டுச் சோளத்தை அவர்களே ஊறவைத்து அரைக்கிறார்கள், மெனுவில் 'மாயிஸ் கிரியோயோ' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நீலமாகவோ சிவப்பாகவோ டோர்ட்டியா வந்தால் சாயம் என்று நினைக்காதீர்கள், சோளத்தின் நிறமே அது. மடித்தால் விரிசல் விடக் கூடாது. அங்கங்கே கருகிய புள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் கொண்டுவந்தால் நனைந்த மண்ணும் வறுத்த தானியமும் கலந்த ஒரு வாசனை அடிக்க வேண்டும்.

முதல் தடவை எனக்கு வந்தது ஓலையில் பின்னிய ஒரு சின்னக் கூடையில், துணி சுற்றி. நான் துணியை அகல விரித்துப் போட்டேன். ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தேன், போட்டோ எடுத்தேன், நண்பரோடு பேசி முடித்து மறுபடி கூடைக்குக் கை நீட்டினால், அப்பளம். ஐம்பது வயது மதிக்கத்தக்க சர்வர் ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுடச்சுட வேறு ஐந்து கொண்டுவந்து வைத்தார். துணியின் நாலு முனையையும் ஒவ்வொன்றாக மடித்து மூடி, அதன் மேல் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாடம் முடிந்தது. அன்றிலிருந்து ஒன்று எடுத்ததும் மூடிவிடுவேன். அவருடைய மாதிரியே உள்ளங்கையும் வைப்பேன், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

டோர்ட்டியாவைக் கையால் சாப்பிட வேண்டும். எவ்வளவு உசத்தியான இடமானாலும் சரி. டாக்கோவை முள்கரண்டியால் குத்துகிறவரைப் பார்த்துப் பக்கத்து மேஜை சிரித்துக்கொள்ளும். டாக்கோவை நேராகப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்க்க வேண்டும். டாக்கோவைச் சாய்த்தால் உள்ளே இருப்பது சட்டையில்.

சைவர்களுக்கு

நண்பர் ஒருவர், சுத்த சைவம். வேறொரு கடற்கரை உணவகத்தில் 'சின் கார்னே' என்று தெளிவாகச் சொன்னார், இறைச்சி இல்லாமல் என்று. வந்த தட்டில் கோழி. சர்வர் ஏமாற்றவில்லை. இங்கே பேச்சு வழக்கில் 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. கோழி வேறு வகை, ஹாம் வேறு வகை. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டது வெள்ளரிக்காயும் எலுமிச்சையும்.

ஆகவே முழுதாகச் சொல்லுங்கள்: 'சோய் வெஹெத்தாரியானோ. சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ.' பெண்கள் 'வெஹெத்தாரியானா' என்று சொல்ல வேண்டும். போயோ கோழி, பெஸ்காதோ மீன். இதோடு முடியவில்லை. இன்னும் இரண்டு சொல் சேருங்கள், இவைதான் முக்கியம்: 'சின் கால்தோ தே போயோ, சின் மன்தேகா.' சிவப்புச் சோற்றைப் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள், அதுதான் கால்தோ. மசித்த பீன்ஸைத் தாளிப்பதும் சோளத் தோகையில் பொதிந்து வேகவைக்கிற தமாலேயின் மாவைப் பிசைவதும் பன்றிக் கொழுப்பில், அதுதான் மன்தேகா. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சமையலறைக்கு முன்கூட்டியே தெரிந்தால் தனியாக ஒரு சட்டி பீன்ஸ் வைப்பார்கள். ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்து சொன்னால் வைக்க முடியாது. இடம் பிடிக்கும்போதே எழுதச் சொன்னது இதற்குத்தான். முட்டையும் கூடாது என்றால் 'சின் உவெவோ'.

இன்னும் சில மறைகண்ணிகள். சீசர் சாலட் மெக்சிகோவின் டிஹுவானாவில் பிறந்தது, இலைதானே என்று கேட்டுவிடாதீர்கள், நெத்திலி இருக்கும். மசித்த அவகாடோவான குவாக்கமோலே மேல் பழுப்பாகத் தூவியிருப்பது வறுத்த வெங்காயம் போலத் தெரியும்; அது சாப்புலினேஸ், வெட்டுக்கிளி. மெஸ்கால் என்கிற கற்றாழைச் சாராயக் கோப்பையின் விளிம்பில் செம்பழுப்பு உப்பு தடவியிருந்தால் பெரும்பாலும் 'சால் தே குசானோ', கற்றாழைப் புழுவைக் காயவைத்து மிளகாயோடு பொடித்தது. எனக்குப் பிடிக்கும், நெத்திலிக் கருவாட்டுப் பொடி மாதிரி இருக்கும். ஆனால் தெரிந்து சாப்பிடுவது வேறு, தெரியாமல் நக்குவது வேறு.

இவ்வளவு பயமுறுத்தியதற்குப் பரிகாரமாக ஒன்று: சைவத்துக்கு இந்தச் சமையலில் நிஜமாகவே விஷயம் உண்டு. பூசணிப்பூவை உருகும் சீஸோடு மாசாவில் பொதிந்து சுடுவார்கள். நொபால் என்கிற சப்பாத்திக்கள்ளித் துண்டு, வெண்டைக்காய்க்கு உள்ள அதே வழவழப்போடு. எல்லாவற்றுக்கும் மேலே விட்லகோச்சே: மழைக்காலத்தில் சோளக் கதிரில் பிடிக்கும் ஒரு பூஞ்சை. மணிகள் ஊதி, சாம்பல் பூத்து, உள்ளே கறுப்பாக இருக்கும். வயலில் கண்டால் நோய் என்று எரிப்பவர்களும் உண்டு, இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வதக்கினால் மை மாதிரி ஒரு கறுப்பு. காளானுக்கும் வாட்டிய சோளத்துக்கும் நடுவில் ஒரு ருசி. தட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல் முதல் வாயைப் போட்டுவிடுங்கள், மற்றது தானாக நடக்கும்.

மீன், இறால்

கடலோரத்துக்கு வந்து கோழி சாப்பிடுவானேன். வயார்ட்டா பக்கத்து அடையாளம் 'பெஸ்காதோ சரந்தேயாதோ'. பக்கத்து மாநிலமான நயாரித்தின் கைவண்ணம், இந்தக் கரை முழுக்கப் பரவியிருக்கிறது. முழு மீனை முதுகுப் பக்கம் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, மிளகாய் விழுது பூசி, கம்பிச் சட்டத்தில் இடுக்கி விறகுத் தணலில் வாட்டுவார்கள். உசத்தி உணவகத்தில் முள்ளெடுத்துக் கொடுப்பார்கள், பக்கத்தில் டோர்ட்டியா, ஊறவைத்த வெங்காயம். உவாச்சினாங்கோ என்று மெனுவில் இருந்தால் அது நம் சங்கரா மீனின் உறவு. பிய்த்து டோர்ட்டியாவில் வைத்து, எலுமிச்சை பிழிந்து, அவ்வளவுதான். இதே மீனைக் கடற்கரையில் குச்சியில் செருகி விற்பார்கள், பெயர் 'பெஸ்காதோ எம்பராசாதோ'. நேர்ப்பொருள் 'கர்ப்பமான மீன்'. 'குச்சியில் சுட்டது' என்பதற்கான ஸ்பானியச் சொற்கள் வாயில் உருண்டு அப்படி ஆனதாகச் சொல்வார்கள்.

அகுவாச்சிலே வட கரையிலிருந்து, சினலோவாவிலிருந்து வந்தது. பச்சை இறாலை எலுமிச்சைச் சாற்றிலும் அரைத்த பச்சை மிளகாயிலும் புரட்டி உடனே பரிமாறுவது. நெருப்பே காட்டாதது. வெளியே வெளுத்து, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும். பச்சையாகச் சாப்பிட மனம் ஒப்பாவிட்டாலோ, வயிறு தாங்காது என்றாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ தவிர்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு, இதைச் சாப்பிடத்தான் இந்த ஊருக்கே வரலாம். காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: சர்வர் உங்களைப் பார்த்ததும் வெளிநாட்டுக்காரர் என்று கணித்து, எல்லாக் காரத்தையும் குறைத்துவிடுவார். 'பிகோசோ, போர் ஃபவோர்' என்று சொன்னால் கண்ணில் ஒரு மரியாதை தெரியும், உள்ளேயிருந்து அவர்கள் சாப்பிடுகிற சல்சா, அதாவது காரச் சட்னி, வரும். வந்ததும் வீரம் காட்ட வேண்டாம். நம் காரம் நாக்கில் வறுபடுகிற காரம், ஹபனேரோ மிளகாயின் காரம் மூக்கு வழியாக மண்டைக்குப் போகும்.

பசிபிக் கரையில் கடல் இறாலுக்கு மார்ச் வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் வரை பிடிதடை இருக்கும், நம் கிழக்குக் கரையின் அறுபத்தொரு நாள் தடை மாதிரி. அந்த மாதங்களில் தட்டில் வருவது வளர்ப்பு இறால் அல்லது உறைந்த இறால். தப்பில்லை, ஆனால் அப்போது மீனைக் கேட்பது புத்திசாலித்தனம்.

மோலே வந்தால்

மோலேவில் சாக்லேட் உண்டு என்று படித்துவிட்டு இனிப்பு எதிர்பார்த்து வருகிறார்கள். சாக்லேட் ஒரு சிட்டிகை, அதுவும் எல்லா மோலேவிலும் கிடையாது. மோலே என்பது வறுத்து அரைத்த குழம்பு. காய்ந்த மிளகாயிலேயே நாலைந்து வகை, எள், பாதாம், வேர்க்கடலை, பட்டை, கிராம்பு, வாட்டிய தக்காளி, தீய்ந்த டோர்ட்டியா, எல்லாம் தனித்தனியாக வறுபட்டு அரைபட்டுக் கொதிக்கும். இங்கே மிளகாய் காரத்துக்கு மட்டும் அல்ல. ஆஞ்ச்சோவுக்கு உலர்திராட்சை வாசம், குவாஹீயோவுக்கு நிறம், சிபோட்லேவுக்குப் புகை. செட்டிநாட்டுக் குழம்பு வைத்துப் பழகிய மூக்குக்கு இதில் ஏழெட்டுப் பொருளாவது பிடிபடும், மேஜையில் அது ஒரு நல்ல விளையாட்டு. வாத்தோ கோழியோ ஒரு துண்டு, அதை மூழ்கடித்துக் குழம்பு. துண்டைச் சாப்பிட்டுவிட்டுக் குழம்பை மிச்சம் வைத்தால் சமையல்காரர் வருத்தப்படுவார். இன்னொரு கூடை டோர்ட்டியா கேளுங்கள், 'மாஸ் டோர்ட்டியாஸ்'.

மிளகாயும் தக்காளியும் நமக்கு வந்தது இந்தப் பக்கத்துக் கண்டத்திலிருந்து. சப்போட்டா பழமும் அப்படியே, பெயரே ஆஸ்டெக் மக்களின் நாவாத்ல் மொழிச் சொல்லிலிருந்து கிளைத்தது. பதிலுக்குப் புளி இங்கே வந்து இவர்களுடையதாகிவிட்டது. 'தமரிந்தோ' என்று மெனுவில் பார்த்தால் வெளிநாட்டில் உறவினரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

குடிப்பதற்கு

மது வேண்டாதவர்கள் 'அகுவா ஃப்ரெஸ்கா' கேளுங்கள். ஹமைகா என்பது புளிச்சக்கீரை இனத்துப் பூவில் இறக்கிய சிவப்புச் சாறு, தமரிந்தோ நம் பானகத்துக்குத் தம்பி. மது உள்ளவர்களுக்கு இந்தப் பகுதியின் சொத்து ராய்சியா. டெக்கீலாவுக்கு உறவு. நம் ஊரில் தண்டவாள ஓரம் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழை இருக்கிறதே, அதன் இனத்துக் கற்றாழைகளின் அடித்தண்டைச் சுட்டு, புளிக்கவைத்து வடிப்பது. நெடுங்காலம் மலைக்கிராமங்களில் கள்ளத்தனமாக ஓடிய சரக்கு, 2019இல்தான் புவிசார் உரிமை கிடைத்து மரியாதையானது. சின்னக் கோப்பையில் வரும். மடமடவென்று கவிழ்ப்பது சினிமாவில். இங்கே உதட்டை நனைத்து நனைத்து அரை மணி நேரம் ஓட்டுவார்கள்.

உணவகத்தில் கிடைக்காத ஒன்று, பகலில் மலேகோனில் கிடைக்கும்: தூபா. ஒருவர் பெரிய சுரைக்குடுவையைச் சுமந்துகொண்டு நிற்பார். உள்ளே தென்னம்பாளையில் இறக்கிய பதநீர். 1565இல் தொடங்கிய மணிலா – அகபுல்கோ கப்பல் போக்குவரத்தில் வந்த பிலிப்பினோக்கள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த தொழில். ஆப்பிள் துண்டும் கடலையும் போட்டுத் தருவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதையும் ஒரு டம்ளர் பார்த்துவிடுங்கள்.

பில்

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுப்பார்கள். அதற்கப்புறம் ஒன்றும் நடக்காது. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஆள் எட்டிப் பார்க்க மாட்டார். முதல் தடவை நாங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, நம்மை மதிக்கவில்லை என்று தமிழில் திட்டிக்கொண்டிருந்தோம். கேட்காமல் பில் கொண்டுவருவது இங்கே 'எழுந்து போ' என்று சொல்வதற்குச் சமம், அதனால்தான் வரவில்லை. 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்றால் அடுத்த நிமிடமே வரும். சொடக்குப் போட்டுக் கூப்பிடாதீர்கள். கையை லேசாகத் தூக்கினால் போதும்.

பில்லில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'செர்விசியோ' அல்லது 'ப்ரொபீனா' என்று ஏற்கனவே சேர்த்திருக்கிறார்களா. ப்ரொபீனா என்பது டிப்ஸ். சட்டப்படி அது உங்கள் விருப்பம், கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது. நடைமுறையில் இம்மாதிரி இடங்களில் பதினைந்து சதவீதம் வழக்கம், மனம் நிறைந்தால் இருபது. பத்துக்குக் கீழே போனால் ஏதோ தவறு நடந்ததா என்று கவலைப்படுவார்கள். கார்டு இயந்திரத்தை மேஜைக்கே கொண்டுவந்து எத்தனை சதவீதம் என்று உங்களிடமே கேட்பார்கள், எண்ணைச் சொன்னால் போதும். வெளிநாட்டு கார்டு என்றால் இயந்திரம் 'டாலரா, பேசோவா' என்று கேட்கும். பேசோ. எப்போதும் பேசோ. டாலரை அமுக்கினால் மாற்று விகிதத்தில் ஒரு தொகை சத்தமில்லாமல் போய்விடும். 'ஃபக்தூரா?' என்று கேட்டால் அது கம்பெனிக் கணக்குக்கான வரி ரசீது, வேண்டாம் என்று தலையாட்டலாம்.

மிச்சம் இருந்தால் வெட்கப்படாமல் 'பாரா யெவார்' சொல்லுங்கள், கட்டிக் கொடுப்பார்கள். எழுந்து போகும்போது பக்கத்து மேஜையைக் கடந்தால் 'ப்ரொவெச்சோ' என்று சொல்லிவிட்டுப் போங்கள். 'நல்லா சாப்பிடுங்க' என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்கள்கூட வாயில் சோற்றோடு நிமிர்ந்து 'கிராசியாஸ்' சொல்வார்கள்.